நட்சத்திரமும் அயலவரும் ஒரே மேடையில்: அயர்லாந்தின் 'த லேட் லேட் ஷோ' பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழ்த் தொலைக்காட்சியில் உரையாடல் நிகழ்ச்சிகள் இரண்டு தனிக் கிளைகளாக வளர்ந்திருக்கின்றன. நடிகர்களும் பாடகர்களும் வந்தமர்ந்து தங்கள் படங்களையும் நட்புகளையும் பற்றிக் கலகலப்பாகக் கதைக்கும் 'காஃபி வித் டிடி' போன்றவை ஒரு கிளை. சாதாரண மக்கள் ஒலிவாங்கியைப் பிடித்துக் குடும்பத்தையும் ஊரையும் பற்றி வாதாடும் 'அரட்டை அரங்கம்', 2006 இல் தொடங்கிய 'நீயா நானா' போன்றவை மற்றைய கிளை. யாழ்ப்பாணத்து வீடுகளில் இரண்டும் விருப்பத்தோடு பார்க்கப்படுகின்றன. முதலாவதில் அயலவருக்குக் கதிரை இல்லை. இரண்டாவதில் நட்சத்திரம் பெரும்பாலும் சிறப்பு விருந்தினராக ஒரு பக்கத்தில் இருந்து இறுதியில் பாராட்டிவிட்டுப் போவார். இந்தப் பிரிவினை எங்களுக்குப் பழகிப்போய்விட்டது. இது ஏன் என்று எவரும் கேட்பதில்லை.

அயர்லாந்தின் தேசிய ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.ரி.ஈ., 1962 ஜூலை 6 ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரவு, கோடைகாலத்து வெற்றிடத்தை நிரப்புவதற்காகத் தொடங்கிய 'த லேட் லேட் ஷோ' இந்தப் பிரிவினையைத் தன் சிறந்த காலத்தில் ஏற்கவே இல்லை. புகழ்பெற்ற நகைச்சுவையாளர் ஒருவர் எழுந்துபோன சற்று நேரத்தில் அதே மேடையில் ஓர் இல்லத்தரசியோ, ஒரு குருவானவரோ, ஊரார் பெயர் சொல்லவே தயங்கும் ஒரு துன்பத்தைத் தாங்கிய பெண்ணோ அமர்ந்திருப்பார். அறுபது ஆண்டுகளைத் தாண்டி இன்றும் ஒளிபரப்பாகும் அந்நிகழ்ச்சியின் ஆயுளும் செல்வாக்கும், பிரபலங்களை அது யாருக்கு அருகில் அமர்த்தியது என்பதில்தான் தங்கியிருந்தன என்பதே இந்த ஆய்வில் நான் நிறுவ முயலும் கருத்து.

ஒப்பிடத் தகுந்த இரண்டு சிறு சமூகங்கள்

அயர்லாந்து யாழ்ப்பாணத்தவருக்கு முற்றிலும் அந்நியமான நாடு அன்று. எங்கள் நகரின் மூத்த கத்தோலிக்கக் கல்லூரிகளில் ஒன்று அந்நாட்டின் பாதுகாவலரான புனித பத்திரிசியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஐரிஷ் குருமாரிடம் படித்த ஒரு தலைமுறையும் இங்கு இருந்தது. ஆயினும் ஒப்பீட்டுக்கான அடிப்படை அந்த உறவைவிட ஆழமானது. 1961 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அயர்லாந்துக் குடியரசில் ஏறத்தாழ 28 இலட்சம் பேரே வாழ்ந்தனர். அதற்கு முந்தைய பத்தாண்டில் மட்டும் சுமார் 4 இலட்சம் பேர் பிழைப்புத் தேடி நாட்டைவிட்டு வெளியேறியிருந்தனர். எஞ்சியோரின் வாழ்வு கோவிலையும் பாடசாலையையும் இனசனத்தையும் சுற்றியே அமைந்திருந்தது. ஒருவரைக் கண்டால் எந்த ஊர், யாருடைய பிள்ளை என்பது முதல் இரண்டு கேள்விகளிலேயே தெரிந்துவிடும். 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 5 இலட்சத்து 83 ஆயிரம். வெளிநாட்டில் ஒருவரேனும் இல்லாத குடும்பத்தை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். 'நாலு சனம் என்ன கதைக்கும்' என்ற அச்சம் இங்கே செய்கின்ற வேலையைத்தான் அங்கேயும் செய்தது.

அந்த அச்சத்துக்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. 1929 முதல் நூல்களுக்குத் தணிக்கை. 1935 முதல் கருத்தடைச் சாதனங்களை இறக்குமதி செய்யவோ விற்கவோ தடை. 1937 ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி மணமுறிவு இல்லை. திருமணமான பெண் அரச வேலையை விட்டு விலக வேண்டும் என்ற விதி 1973 வரை நடைமுறையில் இருந்தது.

இன்னோர் ஒற்றுமையும் உண்டு. ஆர்.ரி.ஈ. தொடங்குமுன்பே அயர்லாந்தின் கிழக்குக் கரையோர வீடுகளில் உயர்ந்த அன்ரனாக்கள் எழுந்து பிரித்தானிய நிகழ்ச்சிகளை இழுத்துக் கொண்டிருந்தன. 1980 களில் எங்கள் கூரைகளுக்கு மேலே இரும்புக் குழாய்களில் நின்ற அன்ரனாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் பார்த்துத் தூர்தர்ஷனை இழுத்தன. காற்றடித்து அது திரும்பிவிட்டால் ஒருவர் வளவுக்குள் நின்று குழாயை மெல்லத் திருப்ப, உள்ளே இருப்பவர் "தெரியுது, தெரியுது, விடு" என்று குரல் கொடுத்த காட்சி அந்தத் தலைமுறைக்கு மறக்காது. அதன் பிறகுதான் இரண்டு சமூகங்களின் பாதையும் பிரிகிறது. 1961 டிசம்பர் 31 ஆம் திகதி அயர்லாந்து தனக்கென ஒரு தொலைக்காட்சியைத் தொடங்கியது. தொடக்க இரவில் பேசிய ஜனாதிபதி எமன் டி வலேரா, அணுசக்தியைப் போல இதுவும் அளவற்ற நன்மையையும் திருத்தமுடியாத தீங்கையும் செய்யக்கூடியது என்று எச்சரித்தார். இலங்கையில் 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாஹினியும் வந்தன. ஆனால் 1990 களின் முற்பாதியில் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரமே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. 1990 இல் அழிந்த கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் 2011 இல்தான் மீண்டும் எழுந்தது. அதற்குள் கேபிளும் டிஷ் அன்ரனாவும் வழியாகச் சென்னையின் உரையாடல் நிகழ்ச்சிகள் எங்கள் கூடங்களுக்குள் குடியேறிவிட்டன.

நிகழ்ச்சி எப்படி இயங்கியது

கே பேர்ண் 1934 இல் டப்ளினில் பிறந்தவர்; கின்னஸ் மதுபான ஆலையில் வேலை செய்த ஒருவரின் மகன். 1962 முதல் 1999 மே வரை, இடையில் ஒரு பருவம் நீங்கலாக, நிகழ்ச்சியை நடத்தியவர் அவரே. அதைவிட முக்கியமாக, அக்காலத்தின் பெரும்பகுதியில் அதன் தயாரிப்பாளரும் அவரே. எந்த விருந்தினரை அழைப்பது, யாருக்குப் பின் யாரை அமர்த்துவது, சூடு ஏறிய விவாதத்தை நீட்டுவதா வெட்டுவதா என்ற முடிவுகளைக் கமராவுக்கு முன்னால் நின்ற அதே மனிதர் எடுத்தார். எங்கள் தொகுப்பாளர்களில் பலர், வேறொருவர் எழுதிக்கொடுத்த கேள்விகளைக் கையிலுள்ள அட்டையில் பார்த்து வாசிக்கும் நிலையிலேயே வைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுடைய திறமைக் குறைவாக இதனை நான் பார்க்கவில்லை. அதிகாரம் அவர்களிடம் இல்லை.

நிகழ்ச்சி நேரலையாகச் சென்றது. மண்டபத்தில் பார்வையாளர் இருந்தனர்; அவர்கள் கைதட்டுவதோடு நில்லாமல் ஒலிவாங்கியை வாங்கி விருந்தினரோடு நேருக்கு நேர் வாதிட்டனர். பேர்ணின் காலத்தில் அன்றிரவு யார் வரப்போகிறார் என்பது முன்கூட்டி அறிவிக்கப்படுவதில்லை. ஆகவே தனக்குப் பிடித்த பாடகர் வருகிறாரா என்று பார்க்க அமர்ந்த ஒருவர், அவர் வரும் வரை மற்ற எல்லோரையும் கேட்க வேண்டியிருந்தது. ஆர்.ரி.ஈ. இன் இரண்டாவது அலைவரிசை 1978 நவம்பரில்தான் வந்தது. நாட்டின் பெரும்பகுதியில் அதுவரை வேறொன்றுக்கு மாற்றவும் வழியில்லை. பாட்டியும் பேரனும் ஒரே அறையில், ஒரே பெட்டிக்கு முன்னால் இருந்தனர்.

இந்த அமைப்பில் நட்சத்திரத்தின் பங்கு என்ன என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. பிரபலம் வீட்டாரைத் தொலைக்காட்சிக்கு முன்னால் கொண்டுவந்து இருத்தினார், மனத்தை இளகவைத்தார், சிரிக்கவைத்தார். அந்தச் சிரிப்பு அடங்குமுன்பே அடுத்த விருந்தினர் வந்து, அந்த வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு சொல்லைச் சொன்னார். 'விதவைகளின் பிரச்சினைகள்' என்று தலைப்பிட்டு ஒரு தனி நிகழ்ச்சி செய்திருந்தால் அதை யார் பார்த்திருப்பார்கள்? விடயம் தெரிந்தவர்களும் ஏற்கெனவே அனுதாபம் உள்ளவர்களும் பார்த்திருப்பார்கள். பாட்டும் பகிடியும் பார்க்க இருந்தவர்களின் மத்தியில் வந்து விழுந்த பேச்சுக்குத்தான் வீட்டுக்குள் வாக்குவாதத்தைக் கிளப்பும் வலு இருந்தது.

சில இரவுகள்

1966 பெப்ரவரி 12, சனிக்கிழமை. கணவன் மனைவியரை வேறுவேறாகக் கேள்வி கேட்டு விடைகள் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் எளிய விளையாட்டு ஒன்று. முதலிரவில் மனைவி அணிந்த இரவுடையின் நிறம் என்ன என்ற கேள்விக்கு, நினைவில்லை, ஒன்றும் அணியாமலும் இருந்திருக்கலாம் என்ற கருத்தில் அந்தப் பெண் சிரித்தபடி பதில் சொன்னார். மண்டபமும் சிரித்தது. மறுநாள் ஞாயிறு மறையுரையில் குளொன்ஃபேர்ட் மறைமாவட்ட ஆயர் தோமஸ் ரயன் நிகழ்ச்சியைக் கடுமையாகக் கண்டித்தார். பத்திரிகைகள் அதைத் தூக்கிப் பிடித்தன. நிறுவனமும் பேர்ணும் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. ஆறு வாரங்கள் கழித்து, பிரயன் ட்ரெவாஸ்கிஸ் என்ற இளம் மாணவர் அதே நிகழ்ச்சியில் கால்வே ஆயரை மூடன் என்றார். மீண்டும் ஒரு புயல். தொலைக்காட்சி வருமுன்பு அயர்லாந்தில் பாலுறவே இருக்கவில்லை என்ற கருத்தில் ஒலிவர் ஜே. ஃபிளனகன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் சொன்னதும் அந்த ஆண்டிலேதான். இரவுடைக் கதையை இன்று பலர் வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு: ஓர் ஆயரின் கண்டனத்துக்கு நாடு தழுவிய நிறுவனம் ஒன்று ஒரே நாளில் பணிந்தது, ஆனாலும் அடுத்த வாரமும் நிகழ்ச்சி நேரலையாகவே தொடர்ந்தது.

1971 மார்ச் 6 ஆம் திகதி இரவு இந்த ஆய்வின் மையம் என்பேன். அன்று ஐரிஷ் பெண்கள் விடுதலை இயக்கத்தைச் சேர்ந்தவர்களுக்கு மேடை கொடுக்கப்பட்டது. பத்திரிகையாளர் நெல் மக்காஃபர்ட்டி, அப்போது செனட் சபை உறுப்பினராகவும் சட்ட விரிவுரையாளராகவும் இருந்த மேரி ரொபின்சன் உள்ளிட்டோர் பேசினர். திருமணமானதும் வேலை போவது, சம வேலைக்குச் சம ஊதியம் இல்லாதது, கருத்தடை குற்றமாக இருப்பது, தனித்து வாழும் தாய்மார் படும் பாடு என ஒவ்வொன்றாக எடுத்து வைத்தனர். பார்வையாளர் பக்கத்திலிருந்து இயக்கத்தின் இன்னோர் உறுப்பினரான மேரி கெனி அரசியல்வாதிகளைத் தாக்கிப் பேச, வீட்டிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த நாடாளுமன்ற உறுப்பினர் கரட் ஃபிற்ஸ்ஜெரால்ட் பொறுக்க மாட்டாமல் காரை எடுத்துக்கொண்டு நேராகக் கலையகத்துக்கே வந்து, நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கையில் உள்ளே நுழைந்து விவாதத்தில் சேர்ந்துகொண்டார். அதன்பின் அங்கே நடந்தது பெரும் கூச்சல்தான். ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்கவில்லை. ஆனால் நாடு முழுவதும் கேட்டது. அந்த இயக்கத்தில் அடுத்து வந்த நாட்களில் பெண்கள் திரண்டனர். மே 22 ஆம் திகதி அவர்களிற் பலர் புகையிரதத்தில் பெல்ஃபாஸ்ட் சென்று, தடைசெய்யப்பட்ட கருத்தடைச் சாதனங்களை வாங்கிக்கொண்டு, டப்ளின் நிலையத்தில் சுங்க அதிகாரிகளின் முன்னால் காட்டியபடி இறங்கினர். ஃபிற்ஸ்ஜெரால்ட் பின்னர் பிரதமரானார்; மேரி ரொபின்சன் 1990 இல் ஜனாதிபதியானார்.

ஓர் அரசியல்வாதி வீட்டிலிருந்து ஓடிவந்தார் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நேரலையாக இல்லாதிருந்தால் அவர் ஓடிவந்திருக்க முடியாது. அந்த நாடு அவ்வளவு சிறியதாக இல்லாதிருந்தாலும் முடியாது. தனக்கு அங்கே இடம் இருக்கும், தடுத்து நிறுத்தப்பட மாட்டோம் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லாதிருந்தாலும் வந்திருக்க மாட்டார். சிறு சமூகம் என்பதை எப்போதும் ஒரு தடையாகவே நாங்கள் நினைத்துப் பழகியிருக்கிறோம். எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள், எப்படி வெளிப்படையாகப் பேசுவது என்கிறோம். அதே நெருக்கம் அன்றிரவு ஒரு பொறுப்பாளரைக் கேள்வி கேட்டவர்களின் முன்னால் அரை இரவில் கொண்டுவந்து நிறுத்தியது.

வானொலியிலும் பேர்ணுக்கு ஒரு காலை நிகழ்ச்சி இருந்தது. 1984 இன் தொடக்கத்தில் ஒரு சிற்றூரில் பதினைந்து வயதுச் சிறுமி, எவருக்கும் சொல்லாமல், மாதா கெபியின் அருகே தனியே பிள்ளை பெற்று இறந்துபோனாள், குழந்தையும் பிழைக்கவில்லை. அதைத் தொடர்ந்து நாடு முழுவதிலுமிருந்து பெண்கள் தங்கள் வாழ்வில் மறைத்து வைத்திருந்ததை எல்லாம் அவருக்கு எழுதி அனுப்பினர். ஒரு முழு நிகழ்ச்சியையும் அந்தக் கடிதங்களை வாசிக்கவே அவர் ஒதுக்கினார். இருபது ஆண்டுக்கு மேல் சனிக்கிழமை இரவுகளில் நடிகரோடும் பாடகரோடும் சிரித்துப் பேசிய மனிதருக்குத்தான் அந்தக் கடிதங்கள் வந்தன. பிரபலங்களோடு அவர் நடத்திய இலேசான உரையாடல்கள் வீணானவை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஆனால் எல்லா இரவுகளும் அவருக்குப் பெருமை சேர்க்கவில்லை. எமன் கேசி, கால்வேயின் ஆயர், மக்கள் விரும்பிய மனிதர், தொலைக்காட்சியில் நன்கு அறியப்பட்ட முகம். அவருக்கு ஒரு மகன் இருப்பது 1992 மேயில் வெளியாகி அவர் பதவி விலகினார். அந்த மகனின் தாயான அமெரிக்கப் பெண் ஆனி மேர்பி 1993 ஏப்ரல் 2 ஆம் திகதி 'லேட் லேட் ஷோ'வுக்கு வந்தார். கேள்விகளில் கடுமை இருந்தது. மண்டபத்திலிருந்தும் இரக்கம் பெரிதாக வரவில்லை. இறுதியில் பேர்ண், உங்கள் மகன் தந்தையின் பாதியளவு நல்லவனாக இருந்தாலே போதும் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார். நானும் ஒன்றும் மோசமானவள் அல்ல என்று மறுமொழி சொல்லிவிட்டு அந்தப் பெண் எழுந்து நடந்தார். அவருடைய நிதானமும் பேர்ணின் சறுக்கலும் பதிவில் அப்படியே இருக்கின்றன. முப்பது ஆண்டுகள் நடுவராக நின்ற ஒருவர், மேடையில் இல்லாத செல்வாக்குள்ள ஆணின் பக்கம் சாய்ந்த கணம் அது. பிரபலத்தையும் அயலவரையும் ஒரே மேடையில் இருத்தினால் மட்டும் சமன் வந்துவிடாது என்பதை இந்த இரவிலிருந்தே நான் எடுத்துக்கொள்கிறேன். தெரிந்த முகத்துக்குச் சபையில் ஏற்கெனவே ஒரு நல்லெண்ணம் இருக்கிறது. தெரியாத முகம் வெறுங்கையோடு வருகிறது. அந்த வேறுபாட்டை ஈடுசெய்வது நடத்துபவரின் கடமை. அன்றிரவு அவர் அதைச் செய்யவில்லை.

1994 ஜனவரி வரை, வட அயர்லாந்தில் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக ஆயுதமேந்திய ஐரிஷ் குடியரசுப் படையோடு தொடர்புடைய ஷின் ஃபெயின் கட்சியினரின் குரலை ஒலிபரப்புவதே சட்டப்படி தடைசெய்யப்பட்டிருந்தது; பிரித்தானியாவிலும் அவர்கள் தலைவர் ஜெரி அடம்ஸின் குரலுக்குப் பதிலாக நடிகர் ஒருவரின் குரலைச் சேர்த்தே சில ஆண்டுகள் ஒளிபரப்பினர். ஓகஸ்ட் 31 ஆம் திகதி அந்தப் படையின் போர்நிறுத்தம் வந்தது. அந்த ஆண்டிலேயே அடம்ஸ் 'லேட் லேட் ஷோ'வில் அமர்ந்தார். பேர்ண் அவருக்குக் கைகொடுக்கவில்லை. அவரை எதிர்ப்பவர்களே குழுவாக அருகில் இருத்தப்பட்டிருந்தனர். ஒருவரைப் பலர் சூழ்ந்து தாக்கும் காட்சி பார்வையாளரின் அனுதாபத்தை அவர் பக்கமே திருப்பியது என்பது அக்காலத்தில் பரவலாகச் சொல்லப்பட்டது. போரிலிருந்து மீண்ட எங்கள் மண்ணில், மாற்றுக் கருத்தாளர் ஒருவரை அழைத்துவிட்டு நான்கு பக்கமும் ஆளை வைத்து மடக்குவதைத் துணிச்சலான ஊடகப் பணி என்று நம்புவோர் இந்த இரவின் பதிவைப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு பெருமையைக் கொடுக்கலாம்

ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி நாட்டை மாற்றியது என்று சொல்வது எளிது. ஆனால் அது முழு உண்மை ஆகாது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபைக்கு உள்ளேயே கதவுகளைத் திறந்தது. 1967 இல் இடைநிலைக் கல்வி இலவசமானது. 1973 இல் நாடு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. அதே ஆண்டில் திருமணமான தம்பதியர் கருத்தடைச் சாதனங்களை இறக்குமதி செய்யும் உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. மணமுறிவுக்கு மக்கள் 1995 இல்தான், அதுவும் மயிரிழையில், ஒப்புதல் தந்தனர். ஆகவே நிகழ்ச்சி எதையும் தனியே சாதிக்கவில்லை. நீதிமன்றத்திலும் வீதியிலும் நடந்தவற்றை வீட்டின் கூடத்துக்குள் கொண்டுவந்து, அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் கேட்கும்படி செய்தது. அதுவே பெரிய வேலை என்று நான் கருதுகிறேன்.

1999 க்குப் பிறகு

1999 மே மாதம் பேர்ண் விடைபெற்றபோது, யூ2 இசைக்குழுவின் பொனோவும் லரி மலனும் அவருக்கு ஒரு ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளைப் பரிசளித்தனர். அதன்பின் பத்தாண்டு பற் கெனி, 2009 முதல் 2023 வரை ரயன் டப்ரிடி. நிகழ்ச்சி தளர்ந்தது என்பது பொதுவான குற்றச்சாட்டு. அதற்கான காரணங்கள் எங்களுக்கு நன்கு விளங்கக்கூடியவை. பெரும் நட்சத்திரங்கள் தங்கள் புதிய படத்தை அறிமுகப்படுத்த லண்டனுக்கு வருவார்கள். அங்கே 2007 முதல் பிபிசியில் நிகழ்ச்சி நடத்தும் கிரஹாம் நோர்ட்டனே ஓர் ஐரிஷ்காரர். டப்ளினுக்கு எஞ்சியவர்கள் உள்ளூர் முகங்கள். அவர்களும் புத்தகமோ படமோ விற்கும் வாரத்தில்தான் வருகிறார்கள். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலுள்ளதைப் போன்ற உறவு அது. 1975 முதல் ஆண்டுதோறும் நத்தாருக்கு முன் நடக்கும் விளையாட்டுப் பொருள் சிறப்பு நிகழ்ச்சி மட்டும் இன்றும் நாட்டை ஒன்றாக இருத்துகிறது; அதன் நாயகர்கள் ஊர் ஊராகத் தெரிவு செய்யப்பட்ட சிறுவர் சிறுமியர்.

2023 ஜூனில், டப்ரிடிக்கு அறிவிக்கப்பட்டதைவிடக் கூடுதலாக மொத்தம் 3 இலட்சத்து 45 ஆயிரம் யூரோ கொடுக்கப்பட்டிருந்தது வெளியானது. பொதுமக்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில் இயங்கும் நிறுவனம் என்பதால் நாடே கொதித்தது. அதன் தலைமைப் பணிப்பாளர் பதவி விலகினார். செப்டெம்பரில் பற்றிக் கீல்ட்டி பொறுப்பேற்றார். வட அயர்லாந்தின் டன்ட்ரம் என்ற ஊரைச் சேர்ந்த நகைச்சுவையாளர். 1988 இல் இவருடைய தந்தையை ஆயுதக் குழுவினர் சுட்டுக் கொன்றனர். போரில் தந்தையை இழந்த ஒரு வடக்கத்தியர் நாட்டின் மிகப் பழைய உரையாடல் மேடையில் தொகுப்பாளராக நிற்பதை இங்கிருந்து பார்ப்பவருக்கு, அது எவ்வளவு தூரம் கடந்து வந்த பயணம் என்று விளக்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் இதன் பயன்

எங்களிடம் பேச்சுக்குப் பஞ்சம் இல்லை. பட்டிமண்டபமும் கவியரங்கும் கோவில் வீதியிலேயே நடக்கும் ஊர் இது. வானொலிக் காலத்தில் 'பாட்டுக்குப் பாட்டு' மூலம் பி.எச். அப்துல் ஹமீத் சாதாரண நேயர்களை ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தி அவர்களைப் பெரிய மனிதர்களாக்கிய மரபும் எங்களுக்கு உண்டு. இப்போது யூடியூப்பில் நேர்காணல்கள் நாள்தோறும் வருகின்றன. ஆனால் தென்னிந்தியாவிலிருந்து ஒரு நடிகர் வந்திறங்கினால் கேட்கப்படும் கேள்விகள் மாறுவதில்லை: யாழ்ப்பாணம் பிடித்திருக்கிறதா, நல்லூருக்குப் போனீர்களா, கூழ் குடித்தீர்களா. கேள்விகள் முதல் நாளே வாட்ஸ்அப்பில் உதவியாளருக்குப் போய், இரண்டு மூன்று வெட்டப்பட்டுத் திரும்பி வந்திருக்கும். 2024 பெப்ரவரியில் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சிக்குத் திரை நட்சத்திரங்கள் வந்தபோது சனம் தடுப்புகளைத் தாண்டி மேடையை நெருங்கி, நிகழ்ச்சி இடையில் நிற்க நேர்ந்தது. அன்று பலர் எங்கள் இளைஞரின் ஒழுங்கைக் குறை கூறினார்கள். நட்சத்திரத்தை எட்டாத உயரத்தில் வைத்தே பார்த்துப் பழகிய ஒரு கூட்டம், அது ஒருமுறை கைக்கெட்டும் தூரத்தில் வந்தபோது வேறெப்படி நடந்திருக்கும் என்று நான் கேட்பேன்.

1971 ஆம் ஆண்டின் அந்த மேடைக்கு ஈடான விடயங்கள் எங்களிடம் உண்டு. சீதனத்தைச் சொல்லலாம், ஆனால் அதைப் பற்றி எல்லாரும் எதிர்த்தே பேசுவார்கள், பேசிவிட்டு வாங்குவார்கள், மேடைக்கு அது உதவாது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைதான் சரியான தொடக்கம். 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் பெயரிலுள்ள காணியைக் கூட, சீதனமாகத் தனக்கே வந்த காணியைக் கூட, கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. கணவன் பிரிந்து போயிருந்தாலும் சம்மதம் இல்லையென்றால் அவள் நீதிமன்றம் ஏற வேண்டும். போர் முடிந்த மண்ணில், கணவன் எங்கே என்றே தெரியாத பெண்களுக்கு இந்த விதியின் பொருள் என்ன என்பதைக் கூடத்தில் இருந்து கேட்க வேண்டியவர்கள் பலர்.

அத்தகைய ஒரு நிகழ்ச்சியின் முதல் இரவை இப்படி அமைக்கலாம். வீரசிங்கம் மண்டபம் போன்ற ஓரிடம், நேரலை, சபைக்குள் சுற்றிவரும் ஒலிவாங்கிகள் இரண்டு. தொடக்கத்தில் சனம் விரும்பும் ஒரு பாடகர். அவர் பாடி முடித்தும் போய்விடாமல் இருப்பார். அடுத்ததாக, காணியை ஈடுவைத்துப் பிள்ளையைப் படிப்பிக்க முயன்று கையொப்பம் கிடைக்காமல் நின்ற ஒரு தாய், விரும்பினால் முகம் காட்டாமல். பிறகு ஒரு நொத்தாரிசு. தேசவழமை எங்கள் அடையாளம், அதில் கைவைக்கக் கூடாது என்று மனமார நம்பும் ஒரு பெரியவர், அவரை மடக்க ஆள் வைக்காமல், பேச முழு நேரமும் கொடுத்து. பாடகரிடமும் கேட்க வேண்டும்: உங்கள் வீட்டில் காணி யார் பெயரில் இருக்கிறது, கையொப்பம் யாருடையது என்று. தொகுப்பாளர் உள்ளூர்க்காரராக, விருந்தினரைத் தெரிவு செய்யும் அதிகாரம் உள்ளவராக, கேள்விகளை எவருக்கும் முன்கூட்டி அனுப்பாதவராக இருக்க வேண்டும். டப்ளினில் இப்போது வெள்ளிக்கிழமை இரவுகளில்தான் நிகழ்ச்சி போகிறது. எங்களுக்கு வெள்ளி கோவில் நாள் என்பதால், பேர்ணின் பழைய சனிக்கிழமை இரவே பொருந்தும்.